மின்தூக்கிக்காக மாடித் தளத்தை வெட்டும் முன்...



கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது பண்டார் பாரு. ஆற்றுக்கு அக்கரையில் பேராக்கின் பாரிட் புந்தார். இந்தப் பக்கம் சற்றுத் தள்ளினால் பினாங்கின் நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் கைகோக்கும் இந்த வட்டாரத்தில், ரப்பர் மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு மாடிப்படி என்பது பெரும்பாலும் வேறு யாருடைய வீட்டிலோ இருந்த ஒன்று. இன்று பிள்ளைகள் தாமானில் இரட்டை மாடி வரிசை வீடு வாங்கி, பெற்றோரைத் தங்களோடு வைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் விழுந்துவிட்டது. படுக்கை அறைகள் எல்லாம் மேலே. கீழே இருப்பது கூடமும் சமையலறையும்தான். பதினைந்து படிகள் அவரை உலகத்திலிருந்து பிரித்துவிட்டன. மகனும் மருமகளும் அவரைத் தூக்கி இறக்கிப் பார்த்து முதுகு ஒடிந்து போனார்கள். கடைசியில் மகன் ஒரு முடிவுக்கு வருகிறார்: "வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன மின்தூக்கி போட்டுவிடலாம்."

நல்ல முடிவுதான். பெற்றவரை மாடியில் சிறை வைக்காமல் இருக்க ஒரு பிள்ளை செய்யும் காரியம் அது. ஆனால் அடுத்து வருகிறவர் மேஸ்திரி. அண்ணாந்து பார்க்கிறார், கைவிரல்களால் அளந்து காட்டுகிறார். "ஒரு ஓட்டைதானே அண்ணே, ரெண்டு நாள்ல உடைச்சுக் கொடுத்துடறேன்" என்கிறார். பிரச்சினை தொடங்கும் இடம் இதுதான். அந்த ஓட்டை வெறும் ஓட்டை இல்லை என்பதை விளக்கத்தான் இன்றைய அங்கம்.

தளம் எப்படி நிற்கிறது?

கயிற்றுக் கட்டிலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவில் ஒரு சதுரம் வெட்டினால் என்ன ஆகும்? வெட்டிய இடம் மட்டும் போகாது. அந்தச் சதுரத்தின் வழியாக ஓடிய ஒவ்வொரு கயிறும் அறுந்து, சட்டத்திலிருந்து சட்டம் வரை தளர்ந்து போகும். வெட்டாத பகுதியில் உட்கார்ந்தவரும் தரையில் விழுவார்.

மாடித் தளமும் ஏறக்குறைய அப்படித்தான். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். அந்த இழுவையைத் தாங்கவே உள்ளே இரும்புக் கம்பி போடுகிறார்கள். வழக்கமான வரிசை வீடுகளில் தளத்தின் கனம் நூறு முதல் நூற்றைம்பது மில்லிமீட்டர் வரை இருக்கும். அதன் அடிப்பாகத்தில் கம்பிகள் ஓர் உத்திரத்திலிருந்து எதிர் உத்திரம் வரை ஓடுகின்றன. தளம் தன் எடையை உத்திரத்திடம் கொடுக்கிறது. உத்திரம் தூணிடம் கொடுக்கிறது. தூண் அடித்தளத்திடமும், அடித்தளம் மண்ணிடமும் கொடுக்கின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை வெட்டினாலும், அந்த எடை வேறு வழி தேடிப் போகும். நாம் வழி செய்து கொடுக்காவிட்டால், அது தானே ஒரு வழியைத் தேடும். அந்த வழி விரிசலாகவும் இருக்கலாம், சரிவாகவும் இருக்கலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. தளத்தின் நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், எடை பெரும்பாலும் குறுகிய பக்கமாகவே ஓடும். முக்கியக் கம்பிகளும் அந்தத் திசையில்தான் இருக்கும். நீள அகலம் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் எடை நான்கு பக்கமும் பிரிந்து போகும். முதல் வகைத் தளத்தில், முக்கியக் கம்பிகளுக்குக் குறுக்கே நீளமாக வெட்டுவதுதான் மிக மோசமானது. அதிகக் கம்பிகள் அறுபடும். துவாரத்தின் நீண்ட பக்கம் கம்பி ஓடும் திசையிலேயே இருந்தால் சேதம் குறையும்.

சொந்த எடையை மறந்தவர்கள்

"மேலே யாரும் இருக்க மாட்டாங்க, ஒரு கட்டில்தான் கிடக்குது" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 125 மில்லிமீட்டர் கனமுள்ள தளத்தின் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 300 கிலோ எடையுள்ளது. ஆட்கள், கட்டில், அலமாரி ஆகியவற்றுக்காகக் குடியிருப்புகளில் வழக்கமாகக் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஆக, ஆளே இல்லாத வெற்று மாடியும் தன் எடையால் தன்னையே அழுத்திக் கொண்டிருக்கிறது. வரிசை வீடுகளில் கூரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் மறக்கக் கூடாது. நூறு கேலன் தண்ணீர் என்றால் சுமார் 455 கிலோ. அந்தத் தொட்டியைத் தாங்கும் சுவர் எந்த உத்திரத்தின் மேல் நிற்கிறது என்று பார்க்காமல் அடியில் கை வைப்பது ஆபத்து.

சொந்த எடையைக் கணக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் பார்த்திருக்கிறது. 1986 மார்ச் 15ஆம் தேதி, சிராங்கூன் சாலையில் இருந்த ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்ட் கட்டடம் ஒரே நிமிடத்துக்குள் நொறுங்கியது. 33 பேர் மாண்டனர். வடிவமைப்புக் கணக்கில் கட்டடத்தின் சொந்த எடையே சேர்க்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிய வந்தது. பல ஆண்டுகள் நின்ற கட்டடம்தான் அது. "இத்தனை வருஷம் நின்னுச்சே" என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

இன்னும் நெருக்கமான உதாரணம் தென்கொரியத் தலைநகர் சியோலில் இருக்கிறது. 1995 ஜூன் 29ஆம் தேதி சாம்பூங் பேரங்காடி இடிந்து 502 பேர் மாண்டனர். 900க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். உத்திரங்கள் இல்லாமல் தளமே நேரடியாகத் தூண்கள்மேல் உட்கார்ந்திருந்த கட்டடம் அது. குடியிருப்பும் அலுவலகமும் என்று திட்டமிட்டதைப் பேரங்காடியாக மாற்றினார்கள். ஐந்தாவது மாடியைச் சேர்த்தார்கள். நகரும் படிக்கட்டுகளுக்கு இடம் விடுவதற்காகத் தூண்களை வெட்டிக் குறைத்தார்கள். கூரைமேல் கனமான குளிரூட்டும் இயந்திரங்களை வைத்து, பிறகு அவற்றை இடம் மாற்றி இழுத்தார்கள். தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கட்டடத்துக்குள் மேலே போக ஒரு வழி வேண்டும் என்ற ஆசை எங்கே கொண்டு போய் விடும் என்பதை அந்த நகரம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. நம் வரிசை வீடு சிறியதுதான். ஆனால் விதி அதற்கும் அதே விதிதான்.

துவாரத்துக்கு ஒரு சட்டகம்

சரி, அப்படியானால் தளத்தை வெட்டவே கூடாதா? வெட்டலாம். கயிற்றுக் கட்டிலுக்கு என்ன செய்வோமோ அதையே இங்கும் செய்ய வேண்டும். அறுந்த கயிறுகளின் முனைகளை இழுத்துக் கட்ட உள்ளே ஒரு சிறிய சட்டம் வேண்டும். அந்தச் சட்டம் கட்டிலின் பெரிய சட்டத்தோடு இணைய வேண்டும்.

வீட்டில் அந்தச் சிறிய சட்டம்தான் துவாரத்தின் ஓரமாக ஓடும் புதிய உத்திரங்கள். ஒரு குழாய் போகும் அளவு சிறிய துளை என்றால், வெட்டிய கம்பிகளுக்கு ஈடாக இரு பக்கமும் கூடுதல் கம்பிகள் போட்டுச் சமாளிக்கும் வழி கட்டும்போதே உண்டு. மின்தூக்கிக்கு அது போதாது. சக்கர நாற்காலியோடு போக வசதியான எட்டுப் பேர் கூண்டின் வழக்கமான உள்ளளவே 1100க்கு 1400 மில்லிமீட்டர். வீட்டுக்கானவை அதைவிடச் சிறியவையாகவும் கிடைக்கும். எதுவானாலும் சுற்றுச் சுவரும் தண்டவாளமும் சேர்ந்தால் துவாரம் கூண்டைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். இந்த அளவுக்கு ஓர உத்திரங்கள் கட்டாயம்.

கட்டி முடிந்த வீட்டில் இதற்குப் பெரும்பாலும் இரும்பு உத்திரங்களே வசதி. தளத்துக்கு அடியில் அவற்றை வைத்து, இரு முனைகளையும் பழைய உத்திரத்தோடு வலுவாக முடுக்குவார்கள். இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்கப்பட வேண்டும். முதலாவது, இரும்புக்கும் தளத்துக்கும் இடையே வெற்றிடம் இருக்கக் கூடாது. சுருங்காத சிமெண்டுக் கலவையால் அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தளம் முதலில் தொய்ந்து விரிந்த பிறகுதான் இரும்பு வேலை செய்யத் தொடங்கும். இரண்டாவது, எடை அந்த இரும்போடு நின்றுவிடாது. முன்பு பரவலாக வந்த எடை இப்போது பழைய உத்திரத்தின் ஒரே புள்ளியில் வந்து குத்தும். அந்தப் பழைய உத்திரத்தில் போதுமான கம்பி இருக்கிறதா, அதைத் தாங்கும் தூணும் அடித்தளமும் போதுமா என்று பொறியாளர் கணக்குப் பார்க்க வேண்டும். போதாது என்றால் தூண் போட வேண்டியிருக்கலாம்.

எந்தக் காரணத்தைக் கொண்டும் உத்திரத்தையோ தூணையோ வெட்டவோ செதுக்கவோ கூடாது. "கதவு திறக்க ரெண்டு அங்குலம் இடிக்குது" என்று உத்திரத்தின் அடிப்பக்கத்தைச் செதுக்கினால், இழுவையைத் தாங்கும் கம்பிகள் இருக்கும் இடத்திலேயே கை வைக்கிறோம் என்று பொருள்.

முதலில் முட்டு, பிறகு வெட்டு

வேலையின் வரிசை மிக முக்கியம். கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்பதைக் கருவி கொண்டு கண்டறிந்து கோடு போட வேண்டும். பழைய வரைபடம் கிடைத்தால் அதையும் ஒப்பிட வேண்டும். அடுத்து கீழேயிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு புதிய உத்திரங்களைப் பொருத்தி, கலவை இறுகும் வரை காத்திருக்க வேண்டும். கடைசியில்தான் வெட்டு.

வெட்டும்போது நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத் துளை போட்டு, அந்தத் துளைகளுக்கு இடையே வைர அரத்தால் அறுப்பது நல்ல முறை. மூலையைத் தாண்டி அரம் ஓடிவிட்டால், அங்கே இருக்க வேண்டிய கம்பிகள் அறுபடும். கூரிய மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்புவதும் வழக்கம். சம்மட்டியாலும் உடைக்கும் இயந்திரத்தாலும் அடித்துத் தகர்த்தால், அதிர்வு சுற்றியிருக்கும் தளத்தையும் பக்கத்து வீட்டுச் சுவரையும் பதம் பார்க்கும்.

வெட்டியெடுக்கும் துண்டின் எடையையும் யாரும் நினைப்பதில்லை. ஒன்றரை மீட்டர் சதுரம், 125 மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் 675 கிலோ. ஏறக்குறைய ஒரு கஞ்சில் காரின் எடை! அதை அப்படியே கீழே விழவிட்டால் கூடத்துத் தரை என்ன ஆகும்? சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தாங்கிப் பிடித்து இறக்க வேண்டும். துவாரம் திறந்திருக்கும் நாட்களில் சுற்றிலும் உறுதியான தடுப்பு வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை மேஸ்திரி மறக்கலாம். வீட்டுக்காரர் மறக்கக் கூடாது.

அடியில் இருக்கும் மண்

மேலே பார்த்துக்கொண்டே கீழே மறந்துவிடுவதும் உண்டு. மின்தூக்கியின் எடை தளத்தின் விளிம்பில் தொங்கக் கூடாது. அதன் சட்டகம் தரையில் தனக்கென்று ஓர் அடித்தளத்தின் மேல் நின்று, மாடித் தளத்தில் சாயாமல் இருக்க மட்டும் பிடித்துக் கொள்வதே பாதுகாப்பான ஏற்பாடு.

கிரியான் ஆற்றோரம் தாழ்ந்த, ஈரமான நிலம். இத்தகைய மென்மையான மண்ணில் பல கட்டடங்கள் முளைக்கம்பங்களின் மேல் நிற்கும். பழைய நாட்களில் பாக்காவ் மரக்கம்பங்களையும் அடித்தார்கள். வீடு கம்பங்களின் மேல் அசையாமல் நிற்க, மின்தூக்கியின் குழி மட்டும் வெறும் மண்ணில் உட்கார்ந்தால், அது நாளடைவில் தனியாக இறங்கும். தண்டவாளம் சாயும், கதவு சிக்கும், கூண்டு பாதியில் நிற்கும். அதோடு குழிக்குள் நிலத்தடி நீர் ஊறினால் மின்கருவிகளுக்குக் கேடு. ஆகவே குழியின் அடித்தளத்தையும் நீர் புகாத சுவரையும் பொறியாளரே வரைந்து தர வேண்டும்.

பழைய கடைவீடுகள்

சின்னப் பட்டணங்களில் இருக்கும் பழைய கடைவீடுகளின் கதை வேறு. அங்கே மாடி பெரும்பாலும் பலகைத் தளம். இரு பக்கத்துச் செங்கல் சுவர்களுக்கு இடையே மரவிட்டங்கள் வரிசையாகக் கிடக்கும். துவாரத்தின் நீண்ட பக்கம் மரவிட்டங்கள் ஓடும் திசையிலேயே இருந்தால், வெட்ட வேண்டிய விட்டங்கள் குறையும். வெட்டிய விட்டங்களின் முனைகளைக் குறுக்கே போடும் இரட்டை மரத்தில் தாங்க வைக்க வேண்டும். அந்தக் குறுக்கு மரத்தின் சுமை இரு பக்கத்து முழு விட்டங்களுக்குப் போவதால், அவற்றையும் இரட்டிப்பாக்க வேண்டும். வெறும் ஆணி அடித்து ஒட்டவைப்பது போதாது. இரும்புத் தாங்கிகளில் உட்கார வைக்க வேண்டும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளைக் கரையான் தின்றிருக்கிறதா என்றும் குத்திப் பார்க்க வேண்டும். அந்தச் சுவர் பக்கத்துக் கடைக்காரருக்கும் பொதுவானது. அவர் வீட்டு மரவிட்டமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் பழைய கடைவீட்டில் ஒரு வரமும் உண்டு. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் விட்டிருக்கும் திறந்த முற்றம். அங்கே தளமே கிடையாது; வெட்டவும் வேண்டியதில்லை. ஊராட்சி மன்றம் அனுமதித்து, காற்றும் வெளிச்சமும் குறையாமல் அமைக்க முடிந்தால் அதுவே எளிய வழி.

தாமான் வீட்டிலும் இதே கேள்வியை முதலில் கேட்க வேண்டும்: வெட்டாமல் முடியுமா? படிக்கட்டுக்காக விட்ட திறப்பைச் சுற்றி ஏற்கெனவே உத்திரங்கள் இருக்கும். அங்கே இடம் கிடைக்குமா என்று பார்க்கலாம். பின்கட்டில் வெளிப்புறமாகச் சட்டகம் எழுப்பி, சுவர் வழியாக மாடிக்குள் நுழையலாமா என்றும் பார்க்கலாம். சிங்கப்பூரில் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காமல் இருந்தது. 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில், பல கட்டடங்களுக்கு வெளியே புதிய மின்தூக்கிக் கோபுரங்களை எழுப்பி இணைத்தார்கள். வயதானவர்களுக்காக ஒரு நாடே செய்த வேலை அது. வெளியே எழுப்பும் சட்டகத்துக்கும் இட எல்லை, வடிகால் விதிகள் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

யாரிடம் போவது?

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, இத்தகைய மாற்றங்களுக்கு ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இந்த வட்டாரத்துக்கு அது பண்டார் பாரு மாவட்ட மன்றம். மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியாளரின் வரைபடமும் கணக்கும் இல்லாமல் சுத்தியலைத் தூக்க விடாதீர்கள். மின்தூக்கிக் கருவியைப் பொறுத்தவரை, பழைய 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதியோடு நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. ஆகவே வாங்க நினைக்கும் கருவிக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்று வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக் கொள்வது புத்திசாலித்தனம்.

குத்தகையாளரிடம் ஐந்தே கேள்விகள் கேளுங்கள். எந்தக் கம்பிகள் அறுபடும்? அவற்றின் எடையை எந்த உத்திரம் வாங்கும்? அந்த உத்திரத்தை எது தாங்கும்? வெட்டும் வரை முட்டு எங்கே நிற்கும்? வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளர் யார்? இந்த ஐந்துக்கும் பதில் சொல்லத் திணறுகிறவரிடம் வீட்டை ஒப்படைக்க வேண்டாம். பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவாகத் தோன்றலாம். மாடியில் தூங்குகிறவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால் அது வீணாகத் தோன்றாது.

காலமெல்லாம் விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டப் போன ஒருவர், இன்று மாடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். அவர் கீழே வந்து வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்காகத்தான் இந்த மின்தூக்கி. அவரைக் கீழே இறக்கும் கருவிக்காக, அவரைத் தாங்கும் வீட்டைப் பலவீனமாக்கிவிடக் கூடாது. கயிற்றை அறுக்கும் முன் சட்டத்தைக் கட்டுங்கள்.